பதினாறு எட்டுகள்

டூம்டவுன் என்ற கௌபாய் சீட்டாட்டத்தில் ஆறு வியாழக்கிழமை வரிசையாகத் தோற்றேன். ஏழாவது வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டத்தை ஆரம்பிக்கவில்லை. "உன் சீட்டுக்கட்டைக் கொடு" என்று கேட்டு வாங்கினார். மேசையில் இருந்த காபிக் கோப்பைகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, என் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஆறு வாரமாக நான் என்ன ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன் என்பது அவர் பரப்பியதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பத்து நிமிடம் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், இண்டியானாபொலிஸ் நகரத்தின் ஓரத்தில். ஜனவரியில் வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது, தன் வாசலை முடித்துவிட்டு என் வாசலுக்கும் கைகொடுக்க வந்தவர் அவர். லாரி எஞ்சின் பழுதுபார்க்கும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். சூடாக ஏதாவது குடிக்கலாம் வா என்று பேஸ்மென்ட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே அலமாரியில், ஷூ டப்பாக்களுக்குள், 1998-ல் வந்த பழைய டூம்டவுன் சீட்டுகள். பக்கத்திலேயே 2014 ஆகஸ்டில் இதே ஊரில் நடந்த, மேசை ஆட்டங்களுக்கான ஜென் கான் விழாவில் வாங்கிய புதுப் பெட்டி, டூம்டவுன் ரீலோடட். "சீட்டு ஆடுவாயா?" என்றார். ஆடுவேன் என்றேன். அப்பா மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடும்போது அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே வளர்ந்தவன் நான். சீட்டு எனக்குப் புதிதில்லை என்ற நம்பிக்கை இருந்தது.

பழைய ஆட்டத்தில் பாக்கெட்டைப் பிரித்தால் என்ன சீட்டு வரும் என்று தெரியாது. நல்ல சீட்டு வேண்டுமென்றால் பாக்கெட் பாக்கெட்டாக வாங்க வேண்டும். 2014-ல் வந்தது அப்படி இல்லை. பெட்டியில் என்ன இருக்கிறது, அடுத்து வரும் சின்னப் பெட்டியில் என்ன இருக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். வேண்டியதை மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். இதை வெளியிட்ட ஏஇஜி நிறுவனம் 2016-ல் நிறுத்திக்கொண்டபோது, பைன் பாக்ஸ் என்ற சிறிய நிறுவனம் எடுத்து நடத்தியது. எல்லாருக்கும் ஒரே சீட்டுகள் கிடைப்பதால், தோற்றால் "அவரிடம் விலை உயர்ந்த சீட்டு இருக்கிறது" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இது எனக்குப் பிடித்திருந்தது. என் தோல்விக்கு நானேதான் காரணம் என்பதும் அதனால்தான் கண்முன்னால் நின்றது.

கலிஃபோர்னியாவில் கோமோரா என்று ஒரு கற்பனை ஊர். கோஸ்ட் ராக் என்று ஒரு கற்பனைக் கனிமம், எரித்தால் அலறும். அதுதான் ஆட்டத்தில் பணமும். அந்த ஊரைப் பிடிக்க ஷெரிஃப் கூட்டம், ஸ்லோன் என்பவளின் கொள்ளைக் கும்பல், மார்கன் மாட்டுப்பண்ணைக் கம்பெனி, சர்க்கஸ் கூடாரத்துக்குள் மந்திரவாதிகளை ஒளித்துவைத்திருக்கும் ஒரு கூட்டம் என நான்கு பேர் மோதுகிறார்கள். நான் யோசிக்கவே இல்லை, ஷெரிஃப் கூட்டத்தை எடுத்தேன். சின்ன வயதில் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வந்து இறங்கும் படங்களை ஞாயிற்றுக்கிழமை டிவியில் வாய் பிளந்து பார்த்த பையன் வேறு யாரை எடுப்பான்?

ஒரு சீட்டு, இரண்டு வேலை

டூம்டவுனில் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு வேலை. இதுதான் ஆட்டத்தின் அடிப்படை. சீட்டின் நடுவில் படமும் பெயரும் அது செய்யும் காரியமும் இருக்கும். மூலையில் சாதாரண சீட்டுக்கட்டு போலவே எண்ணும் சின்னமும். இஸ்பேட் என்றால் ஆட்கள். டைமண்ட் என்றால் கடை, சுரங்கம், வங்கி மாதிரி சொத்துகள். ஆர்ட்டின் என்றால் துப்பாக்கி, குதிரை, மந்திரம். கிளாவர் என்றால் சமயத்துக்கு இறக்கும் தந்திரங்கள். கட்டுக்கு ஐம்பத்திரண்டு சீட்டு, வேண்டுமானால் இரண்டு ஜோக்கர். எந்தெந்தச் சீட்டு என்பதை நாமே தேர்ந்தெடுக்கிறோம்.

துப்பாக்கிச் சண்டை வந்தால் பகடை உருட்டுவதில்லை. இரண்டு பேரும் தங்கள் கட்டிலிருந்து ஐந்து சீட்டு எடுத்து போக்கர் கை, அதாவது அந்த ஐந்தின் சேர்க்கையை, காட்ட வேண்டும். அப்போது சீட்டில் உள்ள படத்துக்கும் பெயருக்கும் அர்த்தமில்லை, மூலையில் இருக்கும் எண்ணுக்குத்தான் அர்த்தம். தலைமை தாங்கும் ஆள் ஸ்டட் வகை என்றால், அவருக்கு எத்தனை தோட்டாவோ அத்தனை சீட்டு ஐந்துக்கு மேல் கூடுதலாக எடுத்து, அதில் நல்ல ஐந்தைப் பொறுக்கலாம். ட்ரா வகை என்றால், அத்தனை சீட்டைக் கீழே போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். கைகளுக்கு ஒன்றிலிருந்து பதினொன்று வரை தரம் உண்டு. ஒன்றும் சேராத கை ஒன்று, ஒரு ஜோடி இரண்டு, நான்கு ஒரே எண் எட்டு, ஐந்து ஒரே எண் பத்து. இரண்டு கைக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு இழப்பு தோற்றவருக்கு. ஓர் ஆளைக் கழித்துப் போட்டால் ஒரு இழப்பு தீரும். பூட் ஹில் என்ற கல்லறைக்கு அனுப்பினால் இரண்டு தீரும், ஆனால் அங்கே போனவர் திரும்ப மாட்டார்.

பதினொன்றாம் தரத்தில் நிற்பது ஒரே ஒரு கை. இஸ்பேட் ஏஸ், கிளாவர் ஏஸ், இஸ்பேட் எட்டு, கிளாவர் எட்டு, டைமண்ட் ஜாக். 1876 ஆகஸ்ட் 2-ம் தேதி டெட்வுட் ஊரில் போக்கர் ஆடிக்கொண்டிருந்த பெயர்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக்கை ஜாக் மெக்கால் என்பவன் பின்னாலிருந்து சுட்டான். அப்போது ஹிக்காக் கையில் கறுப்பு ஏஸ் இரண்டும் கறுப்பு எட்டு இரண்டும் இருந்ததாகச் சொல்வார்கள். ஐந்தாவது சீட்டு எது என்பதில் கதைக்கொரு பதில். இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் டைமண்ட் ஜாக் என்று வைத்துக்கொண்டார்கள். செத்தவனின் கைதான் இங்கே எல்லாவற்றையும் ஜெயிக்கும் கை.

ஒவ்வொரு சுற்றும் லோபால் என்ற சின்னச் சூதாட்டத்தோடு தொடங்கும். ஆளுக்கொரு கோஸ்ட் ராக் நடுவில் வைத்து, ஐந்து சீட்டு எடுத்துக் காட்ட வேண்டும். இங்கே மட்டும் தலைகீழ்: மோசமான கைதான் ஜெயிக்கும். ஜெயித்தவர் பணத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஆடுவார். அப்புறம் ஆட்களைக் கொண்டுவருவது, கடை திறப்பது, தெருவில் நடப்பது, எதிராளியைச் சண்டைக்குக் கூப்பிடுவது என்று மாறி மாறிப் போகும். பொழுது சாயும்போது கணக்கு. சொத்துகளால் உன்னிடம் சேர்ந்த கட்டுப்பாட்டுப் புள்ளி, எதிராளியின் ஆட்களுக்கு இருக்கும் மொத்தச் செல்வாக்கைவிட அதிகமாக இருந்தால் ஊர் உன்னுடையது.

இதெல்லாம் முதல் வாரமே தெரிந்துகொண்டேன். விதிப்புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன். யாராவது என்னிடம் கேள்வி கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் மேசையில் உட்கார்ந்தால் தோற்றேன்.

தோற்ற விதம்

வினோதம் என்னவென்றால், லோபாலில் பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். சுற்றுக்குச் சுற்று அவருடைய ராக் என் பக்கம் வந்து சேரும். முதல் ஆட்டமும் எனக்கு. என் முன்னால் காசு குவிந்திருக்கும், நல்ல துப்பாக்கி வாங்குவேன், ஆட்கள் நிறைய இருப்பார்கள். எல்லாம் சரியாகப் போகிறது என்று தோன்றும்போது அவருடைய ஒருவன் சதுக்கத்துக்கு வந்து என் டெபுடியை, அதாவது ஷெரிஃபின் உதவியாளரை, சண்டைக்குக் கூப்பிடுவான். கூப்பிட்டால் போகாமல் இருப்பதா? போவேன். கூடவே இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போவேன். ஐந்தும் கூடுதலும் எடுத்துப் பார்த்தால் ஒரு ஜோடி ஏழு. அவர் அமைதியாக நான்கு எட்டுகளைக் காட்டுவார். வித்தியாசம் ஆறு. ஒரே சண்டையில் என் தெரு காலியாகும்.

மூன்றாவது வாரம் ஐந்து எட்டுகளைக் காட்டினார். ஒரே எண்ணில் நான்கு சின்னம்தானே உண்டு? ஜோக்கர் இல்லாமல் ஐந்து எட்டு வேண்டுமென்றால் ஏதாவது ஒரு சின்னம் இரண்டு தடவை வந்தே ஆக வேண்டும். இந்த ஆட்டத்தில் அதற்குப் பெயர் ஏமாற்று. ஆனால் அதுவும் விதிக்கு உட்பட்டதுதான். எதிராளி அதற்கென்று ஒரு தந்திரச் சீட்டைக் கையில் வைத்திருந்தால் தண்டிக்கலாம், இல்லாவிட்டால் அந்தக் கை செல்லும். என்னிடம் அப்படி ஒரு சீட்டுகூட இல்லை. "உன் கண்ணுக்குத் தெரிந்தும் பிடிக்க முடியவில்லை பார்" என்றார் அவர். குரலில் கிண்டல் இல்லை. என்னைவிட அவருக்குத்தான் வருத்தமாக இருந்த மாதிரி இருந்தது.

தோற்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஏன் தோற்கிறேன் என்று தெரியாமல் இருந்ததுதான் படுத்தியது. ராத்திரி படுத்துக்கொண்டு சீட்டுகளை மாற்றி மாற்றி யோசிப்பேன். இன்னும் நல்ல துப்பாக்கி, இன்னும் வேகமான குதிரை, இன்னும் கெட்டிக்கார ஷெரிஃப். ஒவ்வொரு வாரமும் கட்டை மாற்றினேன். ஒவ்வொரு வாரமும் அதே கதை.

மேசையில் பரப்பியது

ஏழாவது வாரத்துக்கு வருகிறேன். என் கட்டை அவர் பரப்பியபோது, ஆட்களை ஒரு பக்கம், கடைகளை ஒரு பக்கம், துப்பாக்கிகளை ஒரு பக்கம் என்று பிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். வீட்டில் நான் அப்படித்தான் பிரித்து வைப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. பெயரைப் படிக்கவே இல்லை. மூலையைப் பார்த்து ஏஸ் எல்லாம் ஒரு வரிசை, இரண்டு எல்லாம் அடுத்த வரிசை, மூன்று, நான்கு என்று ராஜா வரை வைத்துக்கொண்டே போனார். பிரித்த எஞ்சினின் பாகங்களைத் துணி விரித்து வரிசையாக வைப்பது போலிருந்தது. ஒரு சீட்டும் இன்னொன்றின் மேல் ஏறவில்லை. முடிந்தபோது மேசை முழுக்கப் பதின்மூன்று வரிசை. சிலதில் மூன்று சீட்டு, சிலதில் நான்கு, ஒன்றிரண்டில் ஐந்து.

அப்புறம் தன் கட்டை எடுத்து, என் வரிசைகளுக்குக் கீழே பரப்பினார். மூன்றே மூன்று நீண்ட வரிசை. ஏஸ் பதினாறு. எட்டு பதினாறு. ஜாக் பதினாறு. ஓரமாக நான்கு உதிரிச் சீட்டுகள்.

ஒரே எண்ணும் ஒரே சின்னமும் கொண்ட சீட்டு நான்கு வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. நான்கு சின்னம், நான்கு நான்காகப் பதினாறு. இந்த விதியை நானும் படித்திருந்தேன், கட்டு போடும்போது மீறக் கூடாத ஒரு தடை என்று மட்டும் நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். அது ஒரு கதவு என்பது அந்த மூன்று வரிசையைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது.

"உன்னுடையதை எங்கேயாவது பார்த்த மாதிரி இருக்கிறதா?" என்று கேட்டார். பார்த்தேன். பதின்மூன்று எண், எண்ணுக்கு ஏறத்தாழ நான்கு. பெட்டிக்கடையில் வாங்கும் சாதாரணச் சீட்டுக்கட்டு. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, அழகான பெயர்களும் படங்களுமாகத் தேர்ந்தெடுத்து, கடைசியில் அப்பா ரம்மி ஆடிய அதே கட்டைத்தான் நான் செய்து வைத்திருந்தேன். சாதாரணக் கட்டில் ஐந்து சீட்டு எடுத்தால் பாதித் தடவை ஒரு ஜோடிகூடச் சேராது. லோபாலில் நான் ஏன் ஜெயித்தேன், சண்டையில் ஏன் செத்தேன் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அவருடைய மூன்று வரிசையிலிருந்து எந்த ஐந்தை எடுத்தாலும் குறைந்தது இரண்டு ஜோடியாவது, அல்லது மூன்று ஒரே எண்ணாவது விழுந்தே தீரும். ஐந்து சீட்டை மூன்று எண்ணுக்குள் வேறு எப்படிப் பிரிக்க முடியும்? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், முடியாது. என் காசு குவியலைப் பார்த்து அவர் ஏன் ஒருநாளும் கவலைப்படவில்லை என்பதும் விளங்கியது. சுற்றுக்கு ஒரு ராக்கை வீட்டு வாடகை மாதிரிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒவ்வொரு சண்டையையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

என்னை உறுத்துவது இதுதான்: எண் எனக்குத் தெரியாத விஷயமா? பத்து வயதிலிருந்து சீட்டு என்றாலே எனக்கு எண்தான். ரம்மியில் இஸ்பேட் ராஜாவுக்குப் பெயர் கிடையாது, கதை கிடையாது. முதலில் ஜோக்கர் இல்லாமல் ஒரு ரம்மி சேர வேண்டும், பெரிய சீட்டை வெகுநேரம் கையில் வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே சீட்டுக்கு ஒரு முகத்தையும் பெயரையும் ஒரு தொப்பியையும் கொடுத்தவுடன், மூலையில் இருந்த எண் என் கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று. யாரும் மறைக்கவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் பெரிய எழுத்தில் அச்சடித்துத்தான் இருந்தது.

கூப்பிட்டால் போக வேண்டுமா

அன்றைக்கே இன்னொன்றும் பேசினோம். "நான் கூப்பிட்ட சண்டைக்கு நீ ஒரு தடவையாவது வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாயா?" என்றார். சொன்னதில்லை. மறுத்தால் அந்த ஆள் களைத்துப்போனவராகச் சீட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அந்தச் சுற்றில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உயிரோடு இருப்பார். அவருடைய செல்வாக்கு பொழுது சாயும்போது கணக்கில் வரும். நான் இதை விதியாகப் படித்திருந்தேன், ஆனால் மனசுக்குள் அதைத் தோல்வி என்றே வைத்திருந்தேன். ஷெரிஃபின் ஆள் சதுக்கத்தில் முதுகைக் காட்டுவதா என்று.

அவர் டூம்ஸ்டோன் என்ற நிஜ ஊரைப் பற்றிச் சொன்னார். அரிசோனாவில் 1881 அக்டோபர் 26-ம் தேதி நடந்த ஓ.கே. கொரால் சண்டை. ஊர்க் காவலர்கள் ஒரு பக்கம், கிளான்டன் கூட்டம் ஒரு பக்கம். அரை நிமிடம், ஏறக்குறைய முப்பது குண்டு, மூன்று பேர் செத்தார்கள். பில்லி கிளான்டனும் மக்லாரி சகோதரர்கள் இரண்டு பேரும். ஆனால் அந்த மோதலுக்கு முந்தின ராத்திரி முழுக்க வாய்ச்சவடால் விட்டவன் பில்லியின் அண்ணன் ஐக் கிளான்டன். குண்டு வெடித்ததும் கையில் ஆயுதம் இல்லை என்று ஓடினான். அதற்குப் பிறகு ஆறு வருடம் போல உயிரோடு இருந்தான். "படம் எடுக்கிறவர்களுக்கு அவனைப் பிடிக்காது" என்றார். "ஆனால் அன்று சாயங்காலம் கணக்கு எடுத்திருந்தால் கிளான்டன் பக்கத்துச் செல்வாக்கு அவனிடம் மிச்சம் இருந்திருக்கும்." ஐக் கிளான்டன் மீது எனக்கு மரியாதை வரவில்லை, தம்பியை விட்டுவிட்டு ஓடியவன் அவன். ஆனால் என் சீட்டு ஆட்கள் ஆறு வாரமாக எதற்காகச் செத்தார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எட்டாவது வாரம் என் டெபுடியை அவர் சதுக்கத்துக்குக் கூப்பிட்டார். வரமாட்டேன் என்றேன். சீட்டை வீட்டுக்கு நகர்த்திச் சாய்த்து வைக்கும்போது உண்மையிலேயே கை கூசியது. அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த சுற்றில் இன்னொரு தடவை மறுத்தேன். அதற்குள் நான் மூன்று கடை திறந்திருந்தேன். அன்றைக்கும் தோற்றேன்தான், ஆனால் ஆட்டம் ஒன்றரை மணி நேரம் போனது. முன்பெல்லாம் அரை மணியில் முடிந்துவிடும். ஒரு கட்டத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் தெருவை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை பார்த்தார். அப்படி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது நானும் கட்டை எண் பார்த்துத்தான் சேர்க்கிறேன். அவருடைய மாதிரி மூன்று எண்ணில் இறுக்கிக் கட்டவில்லை. லோபாலில் வரும் காசை முழுசாக விட எனக்கு மனசில்லை, ஷெரிஃப் கூட்டத்துக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாக வேண்டும். ஆறு, ஒன்பது, ராணி இவற்றில் பதின்மூன்று பதின்மூன்றாக வைத்து, மீதியைச் சின்ன எண்களில் உதிரியாக விட்டிருக்கிறேன். அந்த உதிரிகளில் ஒன்று இஸ்பேட் மூன்று. முதல் வாரத்திலிருந்து என்னிடம் இருக்கும் அதே டெபுடி. பெரிதாகச் சுடத் தெரியாது, ஒரே ஒரு செல்வாக்குப் புள்ளி. எத்தனையோ தடவை பூட் ஹில்லுக்குப் போன பெண். எண்ணைப் பார்த்துக் கழிக்கிற வேலையில் இவளையும் கழித்துவிடலாம் என்று எடுத்து வைத்து, திரும்பக் கட்டுக்குள்ளேயே செருகினேன்.

போன வாரம் ஐந்தாவது சுற்றின் லோபாலில் இரண்டு, நான்கு, ஆறு, ஒன்பது என்று என் கையில் நான்கு வந்திருந்தன. ஐந்தாவது சீட்டைத் திருப்பினேன். அவள்தான். இஸ்பேட் மூன்று. ஒரு ஜோடியும் சேராத கை. அவர் கையில் ஏஸ் இரண்டு, ஜாக் மூன்று. ராக் இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டு, "சரி, உன் ஆட்டம்" என்றார். எதிர்ப்பக்கத்தில் அவருடைய ஆள் ஒருவன் என் வங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தான். வெளியே பனி திரும்பவும் விழ ஆரம்பித்திருந்தது. முதலில் யாரை நகர்த்துவது என்று வெகுநேரம் யோசித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.